இரைப்பையில் கரையாத பூச்சுக் குளிசைகள்: என்ன குறை கண்டால் எங்கே பார்ப்பது?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எந்த வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தாலும் பூச்சுக் குளிசை ஒன்றாவது அகப்படும். இதயத்துக்கு அஸ்பிரின், நாரிப் பிடிப்புக்கு டைக்ளோபினாக், மலச்சிக்கலுக்கு பைசகொடில், வலிப்புக்கு சோடியம் வல்ப்ரோயேற், நெஞ்செரிவுக்கு ஒமிப்ரசோல் கப்சூல். இவற்றின் மேலே இருப்பது அழகுக்குப் பூசிய நிறம் இல்லை. இரைப்பை அமிலத்தைத் தாங்கி, சிறுகுடலுக்குப் போனபிறகு மட்டும் கரைகிற படலம் அது. மருந்தின் பாதி வேலை அந்தப் படலத்துடையது.

நான் பாமசியில் நிற்பவன். "மருந்து சரியில்லை" என்று திரும்பி வரும் பூச்சுக் குளிசைகளில் பெரும்பாலும் மருந்தில் குறை இருப்பதில்லை. பூச்சு உடைந்திருக்கும், ஈரம் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் பூச்சுக்கு ஒவ்வாத சாமானோடு விழுங்கியிருப்பார்கள். ஆகவே மருந்தை நிறுத்துவதற்கு முன் பூச்சைப் பாருங்கள்.

உங்களுடையது பூச்சுக் குளிசைதானா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். அட்டையில் மருந்தின் பெயரோடு ஈ.சி., ஜி.ஆர்., டி.ஆர். என்ற எழுத்துகளில் ஏதாவது இருக்கும். வெறும் மினுக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கசப்பை மறைக்கச் சாதாரண மெல்லிய படலம் பூசிய குளிசைகளும் மினுங்கும். கிளினிக்கில் கடதாசி உறையில் எண்ணித் தந்தால் அந்த எழுத்துகள் உங்கள் கைக்கு வராது. "இதைக் கடிக்கலாமா, உடைக்கலாமா?" என்று மருந்து தரும் யன்னலிலேயே கேட்டுவிடுங்கள்.

பூச்சு எப்படி வேலை செய்கிறது

1884இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத் தோல் வைத்தியர் போல் கேர்சன் உன்னா, கெரட்டின் பூசிய குளிசைகளை அறிமுகம் செய்தார். கொம்பிலும் நகத்திலும் உள்ள புரதம்தான் கெரட்டின். இன்று பல பூச்சுகளுக்கு மூலப்பொருள் தாவரம். மரக்கூழிலும் பருத்தியிலும் இருந்து செலுலோசைப் பிரித்தெடுத்து, அதோடு தாலிக் அமிலம் போன்றவற்றை இணைத்துச் செய்கிறார்கள். கடற்பாசியில் இருந்து அல்ஜினேற், சோளத்தில் இருந்து சேயின், பழத்தோலில் இருந்து பெக்டின் என்று வேறு வகைகளும் உண்டு. முழுக்க இரசாயன முறையில் செய்யும் மெதக்ரிலிக் வகைப் பூச்சும் நிறையவே புழக்கத்தில் இருக்கிறது. எல்லாப் பூச்சும் தாவரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

செலுலோஸ் பூச்சில் தொங்கும் அமிலக் கூறுகள், சுற்றிவர அமிலம் இருக்கும்வரை மின்னேற்றம் இல்லாமல் கிடக்கும். அதனால் தண்ணீரில் கரையாது. அமிலம் குறைந்த இடத்துக்கு வந்ததும் ஐதரசனை விட்டு மின்னேற்றம் பெறும், கரைந்துவிடும். அமிலத்தை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் கூடும். வெறும் வயிற்றில் இரைப்பையின் பி.எச். 1 முதல் 2 வரை. சிறுகுடலின் தொடக்கத்தில் 6 அளவு. ஹைப்ரோமெலோஸ் தாலேற் பூச்சு 5 அல்லது 5.5இல் கரையும், செலுலோஸ் அசற்றேற் தாலேற் 6ஐத் தாண்டியதும் கரையும். ஆக, பூச்சுக்கு நேரமும் தெரியாது, இடமும் தெரியாது; சுற்றியுள்ள அமிலத்தின் அளவு மட்டும்தான் தெரியும். கீழே வரும் குறைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

கண்ணால் பார்க்க ஆசை என்றால், திகதி முடிந்த பூச்சுக் குளிசை இரண்டு எடுங்கள். ஒன்றை வினாகிரியிலும், மற்றதை அப்பச்சோடா கரைத்த தண்ணீரிலும் போடுங்கள். சோடாத் தண்ணீரில் உள்ளதன் மினுக்கம் முதலில் மங்கும், பிறகு ஓரம் வழுவழுத்து, தோல் கழன்று, உள்ளிருக்கும் வெள்ளை மாவு அடியில் கொட்டத் தொடங்கும். வினாகிரியில் உள்ளது போட்டபடியே கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல விசயம். ஆனால் மருந்தின் தரத்தைச் சோதிக்கும் முறை இது இல்லை. ஆய்வுகூடத்தில் ஐதரோக்குளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம் வைத்து உடையவில்லை என்று பார்த்து, பிறகு பி.எச். 6.8 கரைசலில் உடைகிறதா என்று பார்ப்பார்கள். நனைத்த குளிசைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அகற்றிவிடுங்கள்.

"மலம் போகக் குடிச்ச குளிசை வயித்தப் போட்டு முறுக்குது"

பைசகொடில் என்றால் முதல் கேள்வி: எதோடு குடித்தீர்கள்? அனேகமாக விடை, "இரவு பால் தேத்தண்ணியோட". பாலின் பி.எச். 6.7 அளவு, அது இரைப்பை அமிலத்தைத் தற்காலிகமாக முறிக்கும். பூச்சு அங்கேயே கரைந்துவிடும். பெருங்குடலில் வேலை செய்ய வேண்டிய மருந்து இரைப்பையைக் குத்தும்; பிரட்டலும் முறுக்கும் வரும். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணியும் இதையே செய்யும்.

பாலும் தயிரும் அமிலம் முறிக்கும் மருந்தும் ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். படுக்கப் போகும்போது வெறும் தண்ணீரோடு, கடிக்காமல் விழுங்குங்கள். 6 முதல் 12 மணி நேரத்தில்தான் வேலை செய்யும் என்பதால் விடியற்காலையை எதிர்பாருங்கள். நடுச்சாமத்தில் இன்னொன்று போட வேண்டாம். சரியாகக் குடித்தும் முறுக்கு விடாவிட்டால், அல்லது வயிறு ஊதி வாந்தியும் இருந்தால், அது பூச்சின் விசயம் இல்லை. வைத்தியரிடம் போங்கள்.

"நோவுக்குக் குடிச்சன், ரெண்டு மணித்தியாலம் ஆகியும் ஒண்டும் கேக்கல்ல"

வயல் வெட்டுக் காலத்தில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு. மத்தியானம் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு பூச்சுள்ள டைக்ளோபினாக் சோடியம் போட்டால், குளிசை சோற்றோடு இரைப்பையில் கிடக்கும். பெரிய குளிசை முழுசாக இருக்கும்வரை, சாப்பாடு இறங்கி முடிந்த பிறகுதான் குடலுக்குத் தள்ளப்படும். உணவோடு எடுத்தால் மருந்து உடம்பில் ஏறத் தொடங்குவதற்கே 1 முதல் 4.5 மணி நேரம் வரை தாமதம் ஆகலாம்.

இங்கேதான் ஆபத்து. "வேலை செய்யல்ல" என்று இரண்டாவதைப் போடுகிறார்கள். அப்புறம் இரண்டும் சேர்ந்து கரைகின்றன. வெயிலில் நின்று வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் அந்த இரட்டை அளவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பூச்சுள்ள நோவுக் குளிசை உடனடி நிவாரணத்துக்கானது இல்லை. கெதியாக வேலை செய்ய வேண்டும் என்றால் வைத்தியரிடம் வேறு மருந்து கேளுங்கள். டைக்ளோபினாக் பொட்டாசியம் அப்படிக் கெதியாகக் கரைகிற வகை. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கு இரண்டுமே கேட்காமல் எடுக்கக் கூடாதவை.

காய்ச்சலோடு உடம்பு நோவு என்றால் நோவைப் போக்க டைக்ளோபினாக்கும் வேண்டாம், அஸ்பிரினும் வேண்டாம். மாரியில் இங்கே டெங்கு இருக்கிறது; இந்த மருந்துகள் இரத்தப்போக்கைக் கூட்டும். பரசிற்றமோலோடு நிறுத்தி, இரத்தம் சோதியுங்கள்.

"பூச்சுள்ள அஸ்பிரின்தானே, பிறகேன் எரியுது?"

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மிகப் பெரிய தப்பெண்ணம் இங்கேதான். பூச்சு இருப்பதால் வயிற்றுக்கு ஒன்றும் வராது என்று நம்புகிறார்கள். பூச்சு செய்வது ஒன்றே ஒன்று: குளிசை இரைப்பைச் சுவரில் ஓரிடத்தில் படிந்து அரிப்பதைத் தடுக்கும். ஆனால் அஸ்பிரின் குடலில் கரைந்து இரத்தத்தில் ஏறிய பிறகு, அந்த இரத்தத்தின் வழியே இரைப்பைச் சுவருக்குத் திரும்பி வருகிறது. சுவரைக் காக்கும் சளிப் படலத்துக்கு வேண்டிய புரொஸ்டகிளாண்டின்கள் உண்டாவதை அங்கே குறைக்கிறது. எந்தப் பூச்சாலும் அதைத் தடுக்க முடியாது. 1996இல் லான்செற் மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு, சாதாரண அஸ்பிரின் குடித்தவர்களுக்கும் பூச்சுள்ள அஸ்பிரின் குடித்தவர்களுக்கும் மேல் வயிற்று இரத்தக்கசிவு ஆபத்து ஏறத்தாழ ஒன்றே என்று காட்டியது.

ஆகவே எரிவு வந்தால் பூச்சைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இப்படிப் பாருங்கள். அஸ்பிரினோடு டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்ற வேறு நோவுக் குளிசை சேர்ந்து போகிறதா? போனால் ஆபத்துப் பல மடங்கு. அதை முதலில் சொல்லுங்கள். முன்பு வயிற்றுப்புண் இருந்ததா? வயது கூடவா? இவற்றில் ஒன்று இருந்தாலும், ஒமிப்ரசோல் போன்ற ஒன்றைச் சேர்த்துத் தருவதா என்று வைத்தியர் முடிவு செய்வார். வெறும் வயிற்றில் குடித்து வந்தால் சாப்பாட்டுக்குப் பின் மாற்றிப் பாருங்கள்.

அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறிப்பாக இதயக் குழாயில் ஸ்ரென்ற் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்கள். எரிவு தாங்கலாம், அடைபட்ட ஸ்ரென்றைத் தாங்க முடியாது. அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்க முடியாவிட்டால் முன்னதாகவே போங்கள்.

தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், இரத்த வாந்தி, கோப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தி: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே வைத்தியசாலை. இரும்புச்சத்துக் குளிசை குடிப்பவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் சந்தேகம் என்றால் வீட்டில் இருந்து தீர்மானிக்காதீர்கள்.

பூச்சை வேண்டுமென்றே உடைக்கும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. மாரடைப்புப் போல நெஞ்சை அமுக்கி, இடது கைக்கும் தாடைக்கும் நோவு பரவி, வியர்த்துக் கொட்டினால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அவர்கள் அஸ்பிரின் எடுக்கச் சொன்னால், வீட்டில் பூச்சுள்ளது மட்டும் இருந்தால், கடித்து மென்று விழுங்க வேண்டும். முழுசாக விழுங்கினால் மணிக்கணக்கில் பிந்தும். அந்த நேரம் நமக்கு இல்லை.

"ஒமிப்ரசோல் குடிச்சும் நெஞ்செரிவு போகல்ல"

இது நேர்மாறான வகை. மேலே சொன்னவற்றில் பூச்சு வயிற்றை மருந்திலிருந்து காக்கிறது. இங்கே மருந்தை வயிற்றிலிருந்து காக்கிறது. ஒமிப்ரசோல் அமிலம் பட்டால் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதனால்தான் கப்சூலுக்குள் மணிமணியாகப் பூச்சுத் துகள்கள்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் குடிக்க வேண்டும். சாப்பிடும்போதுதான் இரைப்பையின் அமிலப் பம்புகள் விழிக்கும். அந்த நேரம் மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். எரியும்போது மட்டும் குடிப்பது, சாப்பிட்டபின் குடிப்பது, முதல் நாளே பலனை எதிர்பார்ப்பது, மூன்றும் வேலைக்கு ஆகாது. முழுப் பலன் தெரிய சில நாள் எடுக்கும். நோன்பு காலத்தில் ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பா, நோன்பு திறந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்பா என்பதை, நோன்பு தொடங்க முதலே வைத்தியரிடம் கேட்டு வையுங்கள்.

நேரம் சரி என்றால் துகள்களைப் பாருங்கள். ஒரு கப்சூலை வெள்ளைத் தட்டில் திறந்து கொட்டுங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, உருண்டு ஓட வேண்டும். மண்ணிறமோ ஊதாவோ கண்டால், ஒன்றோடொன்று ஒட்டினால், அது சிதைந்த மருந்து. பூச்சுப் பொருளே அமிலத்தன்மை உள்ளது என்பதால், தயாரிப்பாளர் மருந்துக்கும் பூச்சுக்கும் நடுவே இன்னொரு தடுப்புப் படலம் வைக்கிறார். ஈரம் உள்ளே போனால் அந்தத் தடுப்பும் உதவாமல் போகும். வெளியில் பூச்சு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நிறம் மாறத் தொடங்கிவிடும். அந்தப் போத்தலை முழுசாக மாற்றுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் எரிகிறதா? அப்படியென்றால் நோயைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். விழுங்கக் கஷ்டம், மெலிவு, வாந்தி இருந்தால் கெதியாகப் போங்கள்.

குளிசைகள் ஒட்டிப் போயிருக்கின்றன, வெடித்திருக்கின்றன, புளித்த மணம் வருகிறது

இது நம்முடைய காலநிலையின் குறை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை வீட்டில் 30 பாகையைத் தாண்டுவது சர்வ சாதாரணம். மருந்து உறையிலோ "30 பாகைக்குக் கீழே" என்று எழுதியிருக்கும். மாரி தொடங்கினால் ஈரம். கடதாசி உறையில் ஒரு மாதத்துக்குத் தந்த குளிசை, வாவிக்கரை வீட்டில் இரண்டாம் கிழமையிலேயே பிசுபிசுக்கும்.

ஒட்டியவற்றைப் பிரித்தால் ஒன்றின் பூச்சு மற்றதோடு உரிந்து வரும். உரிந்த இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருந்தாலும் அமிலம் அதன் வழியே உள்ளே போகும். அந்தக் குளிசைகளைப் பாவிக்காதீர்கள். வெடிப்பு, கொப்புளம், புள்ளி நிறமாற்றம் இருந்தாலும் அதே விடைதான்.

வினாகிரி மணம் தனிக் குறி. அஸ்பிரின் ஈரத்தில் சலிசிலிக் அமிலமாகவும் அசற்றிக் அமிலமாகவும் உடைகிறது. அந்த மணம் அசற்றிக் அமிலத்துடையது. சிலவேளை குளிசையில் ஊசி ஊசியாக வெள்ளைப் பளிங்கும் வளர்ந்திருக்கும். செலுலோஸ் அசற்றேற் தாலேற் பூச்சும் சூட்டிலும் ஈரத்திலும் உடைந்து அதே மணத்தைத் தரும். மணம் வந்தால் மொத்தப் போத்தலும் போக வேண்டியதுதான். கிணற்றடியிலோ வாவியிலோ கொட்டாமல் பாமசியில் கேட்டு அகற்றுங்கள்.

வைக்கும் முறை: அட்டையில் வந்தவற்றை அட்டையிலேயே வையுங்கள். கிழமைப் பெட்டியில் அடுக்குவதென்றால் குளிசையைப் பிதுக்காமல், அட்டையைக் கத்தரித்துத் துண்டோடு அடுக்குங்கள். உதிரியாகத் தந்தவற்றை உலர்ந்த, திருகுமூடிப் போத்தலில், மருந்தின் பெயரும் திகதியும் ஒட்டி வையுங்கள். போத்தலுக்குள் வரும் சிறிய சிலிக்கா பையை எறியாதீர்கள். குசினி அடுப்படி, குளியலறை, ஆட்டோ டாஷ்போர்ட், மூன்றும் ஆகாது. பிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த குளிசையில் தண்ணீர் பூக்கும். படுக்கையறை அலுமாரியின் நடுத்தட்டு போதும்.

"குளிசை அப்படியே வெளியில வந்திட்டு மனே"

படுவான்கரையில் இருந்து வந்த ஓர் அம்மா கடதாசியில் சுற்றியே கொண்டுவந்து காட்டினார். நல்ல காரியம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவருடையது எக்ஸ்.ஆர். என்று எழுதிய மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசை, வெறும் கோது. மெதுவாக மருந்தை விடுகிற எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர். வகைகளில் மருந்து வெளியேறியபின் கோது மட்டும் முழுசாக வருவது வழமை. குச்சியால் அமுக்கினால் மெத்தென்று நசுங்கும். சீனி அளவு சரியாக இருந்தால் பயமே இல்லை.

பூச்சுக் குளிசை கல்லுப்போல, உள்ளே மருந்தோடு வந்தால் அது வேறு கதை. வயிற்றோட்டத்தில் வேகமாக இறங்கியிருக்கலாம். குடல் வெட்டிய சத்திரசிகிச்சை நடந்திருக்கலாம். பூச்சு பழசாகி இறுகியிருக்கலாம். ஷெலக் எனப்படும் அரக்குப் பூச்சுக்கு இந்தக் கடைசிக் குறை அதிகம்: நாள்பட அதன் கூறுகள் தங்களுக்குள்ளேயே பிணைந்து கரையாமல் போகும். திகதியைப் பாருங்கள், ஒரு தடவைக்கு மேல் நடந்தால் அட்டையோடு வந்து காட்டுங்கள். வலிப்பு மருந்து என்றால் ஒரு தடவையே போதும், உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

விழுங்க முடியவில்லை, மூக்குக் குழாயில் கொடுக்கிறோம்

பாரிசவாதம் வந்த வீடுகளில், அம்மியிலோ கரண்டியிலோ எல்லாக் குளிசையையும் சேர்த்து அரைத்துக் கரைப்பார்கள். கவனிப்பவரின் அன்பில் குறை இல்லை, ஆனால் பூச்சு அரைபட்டால் மேலே சொன்ன அத்தனை பாதுகாப்பும் போய்விடும். பூச்சுத் துண்டுகள் குழாயையும் அடைக்கும். பெரும்பாலானவற்றுக்கு மாற்று உண்டு: பூச்சில்லாத, தண்ணீரில் கரையும் அஸ்பிரின், வல்ப்ரோயேற் பாணி, டைக்ளோபினாக்குக்குப் பதில் வேறு நோவு மருந்து. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே "இவருக்குக் குழாய் இருக்கு, எதை அரைக்கக் கூடாது?" என்று கேட்டு, மருந்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வாயால் விழுங்கக் கூடியவர், கப்சூல் பெரிசு என்று மட்டும் கஷ்டப்பட்டால், பல ஒமிப்ரசோல் கப்சூல்களைத் திறந்து துகள்களைத் தண்ணீரிலோ தோடம்பழச் சாற்றிலோ கலந்து, அரை மணிக்குள், மெல்லாமல் விழுங்கலாம். பாலிலும் பால் கஞ்சியிலும் கலக்கக் கூடாது. காரணம் பைசகொடிலுக்குச் சொன்னதுதான். குடிக்கிற காஸ் சோடாவும் வேண்டாம். உங்கள் கையில் உள்ள வகைக்கு இது பொருந்துமா என்று ஒரு தடவை காட்டிக் கேளுங்கள்.

இது சைவமா, ஹலாலா?

கதிர்காமப் பாதயாத்திரைக்கு விரதம் இருப்பவர்களும் கேட்கிறார்கள், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆட்களும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பூச்சும் கப்சூலின் கோதும் வேறுவேறு. உள்ளே உள்ள துகளின் பூச்சு மரக்கூழில் இருந்து வந்திருக்கலாம், வெளிக்கோது ஜெலற்றினாக இருக்கலாம். ஜெலற்றின் மாட்டில் இருந்தோ பன்றியில் இருந்தோ எடுக்கப்படுவது. ஹைப்ரோமெலோஸ் என்று எழுதிய கோது செலுலோஸ், அதாவது தாவரம். அரக்கு மரத்தில் கிடைப்பதால் தாவரம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது மரக்கிளையில் வாழும் பூச்சி சுரப்பது. உள்ளிருக்கும் தாளில் சேர்பொருள் பட்டியல் இருக்கும்.

உங்களுக்கு ஒவ்வாதது அதில் இருந்தால் மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்துகொண்டு, அட்டையையும் தாளையும் கொண்டு வாருங்கள். ஒரே மருந்து குளிசையாகவும் கப்சூலாகவும் வரும், நிறுவனத்துக்கு நிறுவனம் பூச்சும் மாறும். குளிசை முடிகிற நாளில் வராமல் ஒரு கிழமை முன்பே வந்தால் தேடி எடுத்துத் தர எங்களுக்கும் நேரம் கிடைக்கும்.